பகிர்ந்து விளையாடப் படப்புத்தகம் உதவுமா? (மூன்றரை வயதுப் பையன்)

பெரம்பூர்வாசி

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு மூன்றரை வயது, ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் மகள் வீட்டுக்கு வருவாள். அவளுக்கும் கிட்டத்தட்ட இதே வயதுதான். வந்த கொஞ்ச நேரத்திலேயே சண்டை ஆரம்பித்துவிடும். அவள் எதைத் தொட்டாலும் "என்னோடது" என்று ஒரே கத்தல்.

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போனபோது, பகிர்ந்துகொள்வது பற்றிய படப்புத்தகங்களாகப் பார்த்து வாங்கினேன். தினமும் தூங்கும் முன் படிக்கிறோம். கடைசிப் பக்கத்து வரி அவனுக்கு மனப்பாடம். "நல்ல பிள்ளை என்ன செய்யும்?" என்று கேட்டால் "எல்லாருக்கும் குடுக்கும்" என்று பட்டென்று பதில் வரும். ஆனால் அவள் வந்து அவனுடைய லாரியைத் தொட்டதும், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் படுத்துவிடுகிறான்.

புத்தகம் படித்து யாருக்குப் புத்தி வந்தது என்று மாமியார் கேட்கிறார். எனக்குப் புத்தகத்தை விட மனமில்லை. எந்த மாதிரிப் புத்தகம் வாங்கலாம், எப்படிப் படிக்கலாம்? தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது.

வேப்பமரம்

மூன்றரை வயதில் எல்லாக் குழந்தையும் இப்படித்தான் தோழி, பயப்படாதீர்கள். என் மகளும் இதே வயதில் பக்கத்து வீட்டுக் குழந்தையை வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

ஒன்று செய்து பாருங்கள். ஞாயிறு காலையில், அவள் வரும் முன்பே அவனிடம் கேளுங்கள்: "இன்னைக்கு எதையெல்லாம் அலமாரியில வெச்சிடலாம், எதையெல்லாம் வெளியில விடலாம்?" தனக்கு உயிரான இரண்டு மூன்று பொருளை அவனே எடுத்து வைத்துவிட்டால், மீதியை அவள் தொடும்போது அவ்வளவு பதறமாட்டான். எங்கள் வீட்டில் பாதிச் சண்டை இதிலேயே குறைந்தது.

ஐசிஎஃப் தாத்தா

அம்மா, நான் ஐ.சி.எஃப். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். வீட்டில் ஐந்து பிள்ளைகள், ஒரு சைக்கிள். கையில் ஒரு கமர்கட் இருந்தால் சட்டை நுனியைச் சுற்றி காக்காக்கடி கடித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்போம். யாரும் எங்களுக்குப் புத்தகம் படித்துக் காட்டவில்லை. கூட்டத்தில் வளர்ந்தோம், தானாக வந்தது.

இன்றைக்கு ஒரு பிள்ளை, அதற்கு ஓர் அறை நிறையப் பொம்மை. கேட்க ஆளில்லாதபோது கொடுக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? மாலையில் மாநகராட்சிப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். ஓர் ஊஞ்சலுக்குப் பத்துப் பிள்ளைகள் நிற்பார்கள். அங்கே தெரிந்துகொள்வதை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது என்பது என் எண்ணம்.

பால்வாடி டீச்சர்

வடசென்னையில் அங்கன்வாடி நடத்துகிறேன். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை என்னிடம் வருகிறார்கள். பெரம்பூர்வாசி சொல்வதை வாரம் ஒரு அம்மாவாவது என்னிடம் சொல்வதுண்டு.

முதலில் அந்தக் கடைசிப் பக்கத்தை விட்டுவிடுங்கள். "எல்லாருக்கும் கொடுக்க வேண்டும்" என்ற வரி அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அதைத் திரும்பத் திரும்பப் படிப்பதால் மனப்பாடம்தான் பலமாகும். கதையில் சிக்கல் வருகிற பக்கம் எதுவோ, அதில் உட்காருங்கள். நான் பெரும்பாலும் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும்தான் காட்டுவேன்.

கடையில் வாங்கிய புத்தகம்கூட வேண்டாம். போன கோடையில் ஒரு சார்ட் பேப்பரில் நானே வரைந்தேன். நடுவில் வெட்டிய தர்பூசணி, சுற்றி ஐந்து பிள்ளைகள். நான்கு பேர் கையை நீட்டுகிறார்கள். ஒருவன் கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை. "இந்தத் தம்பி கை எங்கே?" என்று மட்டும் கேட்டேன். "ஒளிச்சு வெச்சிருக்கான்" என்றான் ஒருவன். "இல்ல, கை அழுக்கா இருக்கு, டீச்சர் திட்டுவாங்கன்னு" என்றாள் இன்னொருத்தி. வழக்கமாக வாயே திறக்காத ஒரு சின்னப் பெண் எழுந்து வந்து படத்தைத் தொட்டு, "போன தடவ இவனுக்குக் கெடைக்கல" என்றாள். அதற்கப்புறம் அந்தத் தம்பிக்கு எவ்வளவு பெரிய துண்டு கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குள்ளேயே ஒரே பேச்சு. நான் தர்பூசணியைப் பகிர்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னொன்று. கொடுக்காத பிள்ளையின் மனதையும் கேட்க வேண்டும். "இவன் ஏன் இறுக்கிப் பிடிச்சிருக்கான்? என்ன பயம் இவனுக்கு?" பல புத்தகங்களில் கொடுக்காதவன் கெட்டவன், கொடுத்தவன் நல்லவன். கொடுக்க மனம் வராத பிள்ளை அந்தப் பக்கத்தைப் பார்த்தால், தன்னைத்தான் கெட்டவன் என்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்தாலே ஓடிப்போகும்.

தாத்தா சொல்கிற பூங்கா ரொம்ப அவசியம். ஆனால் ஊஞ்சல் வரிசையில் நிற்கும்போது பிள்ளைக்கு அழுகைதான் வரும், யோசிக்க முடியாது. யோசிப்பதற்கு மடியில் உட்கார்ந்த நேரம் வேண்டும். அதற்குத்தான் புத்தகம்.

நூலகப்பூனை

டீச்சர் அனுபவத்தில் சொன்னதை ஆய்வுகளிலும் பார்க்க முடிகிறது. குழந்தை வளர்ச்சி எனக்குப் படிப்பும் வேலையும் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

//கடைசிப் பக்கத்து வரி அவனுக்கு மனப்பாடம்//

இது பொய்யும் இல்லை, நடிப்பும் இல்லை. ஸ்மித், பிளேக், ஹாரிஸ் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 3 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர் கொடுத்துப் பார்த்தார்கள். சரிபாதி கொடுக்க வேண்டும் என்று 3 வயதுக் குழந்தையும் சொன்னது. ஆனால் உண்மையில் சரிபாதி கொடுத்தவர்கள் 7, 8 வயதுக்காரர்கள்தான். நீ எத்தனை தருவாய் என்று முன்கூட்டியே கேட்டபோது, எனக்குத்தான் அதிகம் வைத்துக்கொள்வேன் என்று சின்னவர்களும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். ஆக, விதி தெரியாமல் இல்லை. அந்த வயதில் விதி தெரிவதற்கும் கை நீள்வதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. மூன்றரை வயதுப் பையனிடம் விதியை இன்னும் நூறு முறை சொல்வதில் பலன் குறைவு.

அப்படியானால் எது உதவும்? பிரௌனெல் குழுவினர், அதே 2013இல், ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரையுள்ள குழந்தைகளோடு பெற்றோர் படப்புத்தகம் பார்ப்பதைக் கவனித்தார்கள். "இந்தப் பாப்பா அழுது, ஏன் தெரியுமா? பொம்மை உடைஞ்சுபோச்சு" என்று பெற்றோரே எல்லாவற்றையும் சொல்லி முடித்த வீடுகளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. "இந்தப் பாப்பாவுக்கு என்ன ஆச்சு? ஏன் அப்படி?" என்று குழந்தையைச் சொல்ல வைத்த வீடுகளில் பிள்ளைகள் சீக்கிரமாகவும் அடிக்கடியும் உதவினார்கள், பகிர்ந்தார்கள். இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், இதனால்தான் அது நடந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இருந்தாலும் டீச்சர் எழுத்தை மறைத்துவிட்டுக் கேள்வி கேட்பதோடு இது அப்படியே பொருந்துகிறது.

வேப்பமரம் சொன்ன அலமாரி யோசனையும் நல்லது. சேர்னியாக், குஷ்னிர் இருவரும் 3, 4 வயதுக் குழந்தைகளிடம், சோகமாக இருக்கும் ஒரு பொம்மைக்கு ஸ்டிக்கர் தர விருப்பமா, நீயே வைத்துக்கொள்கிறாயா என்று முடிவைக் குழந்தையிடமே விட்டார்கள். தானே முடிவெடுத்துக் கொடுத்த குழந்தை, அடுத்து வந்த வேறொரு பொம்மைக்கும் அதிகம் கொடுத்தது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லப்பட்ட குழந்தைகளிடம் அது நடக்கவில்லை.

மணல்வீடு

நல்ல தகவல்கள். ஒரு கேள்வி. பிள்ளைகளுக்கான புத்தகங்களில் எங்கே பார்த்தாலும் யானை, முயல், கரடிதான். விலங்குக் கதையில் பகிர்வதைச் சொன்னால் பிள்ளைக்குப் போய்ச் சேருமா?

நூலகப்பூனை

இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. டொரன்டோவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் செய்தது, 2018இல் அச்சில் வந்தது. ஒரே கதை, ஒரு பிரதியில் உடை போட்ட விலங்குகள், இன்னொன்றில் அதே இடத்தில் மனிதப் பிள்ளைகள். மூன்றாவது குழுவுக்குச் சம்பந்தமே இல்லாத, விதைகள் பற்றிய புத்தகம். கதைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு குழந்தையிடமும் 10 ஸ்டிக்கர் கொடுத்து, இன்னொரு குழந்தைக்கு எத்தனை தருகிறாய் என்று பார்த்தார்கள். மனிதப் பிள்ளைகள் வந்த கதையைக் கேட்டவர்கள் முன்னைவிட அதிகம் கொடுத்தார்கள். விலங்குக் கதையைக் கேட்டவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை.

மணல்வீடு

இதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. காகமும் நரியும் இல்லாமல் நம் குழந்தைகளுக்குக் கதையே கிடையாது. வேடன் வலையில் சிக்கிய புறாக்கள் எல்லாம் ஒன்றாகச் சிறகடித்து வலையோடு பறந்த கதையைக் கேட்டு எத்தனை தலைமுறை வளர்ந்திருக்கிறது! என் மகள் அந்தக் கதையைச் சொன்னாலே இரண்டு கையையும் விரித்து அறை முழுக்க ஓடுவாள்.

நூலகப்பூனை

விலங்குக் கதையே வேண்டாம் என்று நானும் சொல்லமாட்டேன். அந்த ஆய்வு ஒரே ஒரு முறை படித்த உடனே என்ன நடந்தது என்று பார்த்தது. அதுவும் கனடாவில். அதே ஆய்வில், விலங்குகளையும் மனிதரைப் போல எண்ணிப் பார்த்த பிள்ளைகள் அதிகம் கொடுத்தார்கள் என்பதும் இருக்கிறது. ஆகவே விலங்குக் கதை படித்தால் அதோடு நிறுத்தாமல், கதையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். புறாக்கள் பறந்த பிறகு, "நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கினது எது, ஞாபகம் இருக்கா?" என்று கேளுங்கள். உங்கள் மகள் கையை விரித்து ஓடுகிறாள் என்றால் அவள் ஏற்கெனவே பாதி புறாவாக இருக்கிறாள்.

கடலோரக்காற்று

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஐந்து வயது மகள், இரண்டு வயது மகன். மகள் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவாள். தம்பி பிடுங்கினாலும் விட்டுவிடுவாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "எவ்ளோ நல்ல பொண்ணு" என்று கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நம் வீடுகளில் "நீ அக்கா தானே, விட்டுக் கொடு" என்பது பெண் பிள்ளைக்குப் பேச்சு வந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. புத்தகங்களிலும் அதுதான். அக்கா தன் பொம்மையைத் தருவாள், தன் பங்கைத் தருவாள், கடைசிப் படத்தில் சிரிப்பாள். அவள் வேண்டாம் என்று சொல்லும் படம் எங்கே? "நான் விளையாடி முடிச்சதும் தர்றேன்" என்று சொல்லும் பெண் குழந்தையை நான் எந்தப் படப்புத்தகத்திலாவது பார்க்க ஆசைப்படுகிறேன். எப்போதும் ஒருத்தியே கொடுத்துக்கொண்டிருந்தால் அதில் பகிர்வு எங்கே இருக்கிறது?

பால்வாடி டீச்சர்

கடலோரக்காற்று சார், இதை நீங்கள் எழுதியது ரொம்ப நல்லது. எங்கள் மையத்தில் "முடிச்சதும் தர்றேன்" என்று சொல்ல நான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். கேட்கிற பிள்ளைக்கு "உனக்கப்புறம் எனக்கு" என்று சொல்லப் பழக்குகிறேன். கொடுப்பதைவிட, தன் முறைக்குக் காத்திருப்பதுதான் மூன்று வயதில் பிடிபடுகிறது. கொடுத்தால் பொருள் போய்விடும் என்று பயப்படுகிற குழந்தைக்கு, அது திரும்பி வரும் என்று தெரிய வேண்டும். அது தெரிந்தால் விரல் தானாகத் தளரும்.

உங்கள் மகளிடம் படம் காட்டும்போது, கொடுக்கிற அக்காவின் முகத்தைக் காட்டிக் கேளுங்கள்: "இவளுக்கு நிஜமா குடுக்க இஷ்டமா? எப்படிச் சொல்லியிருக்கலாம்?" புத்தகத்தில் எழுதியிருப்பதற்கு மாறாக அவள் பதில் சொல்லட்டும். அதைத் தப்பு என்று சொல்லாதீர்கள்.

இரட்டைவால்

எனக்கு இரட்டையர், நான்கு வயது. கதைக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, ஒரே புத்தகத்தை இரண்டு பேர் பார்ப்பதே பெரிய பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டு ஏற்பாடு இது. ஒருவன் இடது தொடையில், ஒருவன் வலது தொடையில். புத்தகம் நடுவில். ஒருவன் பக்கம் புரட்டுவான், மற்றவன் படத்தில் இருப்பதைச் சொல்வான். அடுத்த புத்தகத்தில் வேலை மாறும். ஆரம்பத்தில் புரட்டுகிறவன் மற்றவன் பேசி முடிப்பதற்குள் திருப்பிவிடுவான், அவன் கத்துவான். இப்போது புரட்டுகிறவன் பக்கத்தின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சொல்லிட்டியாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் திருப்புகிறான். எந்தப் புத்தகமும் இதைச் சொல்லித்தரவில்லை, ஆனால் புத்தகம் இல்லாமல் இது நடந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வரும்போது இதைச் செய்து பாருங்கள் பெரம்பூர்வாசி. ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

ஐசிஎஃப் தாத்தா

இரட்டைவால் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு என் வீட்டம்மாவிடமும் காட்டினேன். அந்த இரண்டு விரல் விஷயம் ரொம்பப் பிடித்தது. படம் பார்ப்பதும் நாலு பேர் கூடிச் செய்கிற காரியமாக இருந்தால் எனக்கு மறுப்பே இல்லை. பிள்ளை கையில் புத்தகத்தைக் கொடுத்துத் தனியாக உட்கார வைப்பதைத்தான் நான் சொல்கிறேன்.

கூடவே ஒன்று. கைக்குழந்தையின் உள்ளங்கையில் பருப்பு கடைந்து, சோறு போட்டு, நெய் ஊற்றி, அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய், பாட்டிக்கு ஒரு வாய் என்று ஊட்டி, கடைசியில் நண்டு ஊறுது நரி ஊறுது என்று அக்குள் வரை விரல் ஓட்டுவோமே, அதிலும் முதலில் பங்கு போடுவதுதானே வருகிறது? பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அதை விடாதீர்கள்.

பெரம்பூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. நிறைய யோசிக்க வைத்துவிட்டீர்கள். மாமியாரிடம் பருப்பு கடைவதைச் சொன்னேன், அது அவருடைய மாமியார் காலத்து விளையாட்டாம், உற்சாகமாகிவிட்டார்.

கடையில் நிற்கும்போது நல்ல புத்தகத்தை எப்படி அடையாளம் காண்பது? தமிழில் எங்கே தேடலாம்?

நூலகப்பூனை

நான் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பேன். அங்கே அறிவுரை வரி இருந்தால் பெரும்பாலும் திரும்ப வைத்துவிடுவேன். பிறகு படங்களில் முகங்களைப் பார்ப்பேன். எல்லோரும் எல்லாப் பக்கத்திலும் சிரித்துக்கொண்டிருந்தால் குழந்தையிடம் கேட்க ஒன்றும் இருக்காது. அப்புறம், கதையில் ஒருவரால் தனியாக முடியாத வேலை ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். இழுப்பது, தூக்குவது, சமைப்பது, தேடுவது, கட்டுவது, எதுவானாலும் சரி.

இதற்குக் காரணம் உண்டு. ஹாமன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பிள்ளைகள் சேர்ந்து கயிறு இழுத்துப் பரிசு வாங்கும்போது, ஒருவனுக்கு 3, மற்றவனுக்கு 1 என்று விழுமாறு வைத்தார்கள். சேர்ந்து இழுத்து வந்த பரிசு என்றால், 3 வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றை எடுத்து மற்றவனிடம் கொடுத்துச் சமமாக்கினார்கள். உழைக்காமல் சும்மா கிடைத்தபோது அப்படிக் கொடுத்தது குறைவு. எனவே மூன்று நான்கு வயதுக்குப் பகிர்வதைப் பற்றிய கதையைவிடச் சேர்ந்து வேலை செய்யும் கதையைத்தான் நான் முதலில் கொடுப்பேன். படித்த கையோடு கீரை ஆய, பட்டாணி உரிக்க இரண்டு பேரையும் உட்கார வையுங்கள்.

புத்தகங்களுக்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. தூலிகா சென்னைப் பதிப்பகம், 1996இலிருந்து தமிழ் உட்படப் பல மொழிகளில் படப்புத்தகம் போடுகிறார்கள். தாராவும் சென்னைதான், ஓவியத்துக்காகவே பார்க்கலாம். பாரதி புத்தகாலயத்தின் சிறார் நூல்களும், நேஷனல் புக் டிரஸ்ட் நூல்களும் குறைந்த விலையில் கிடைக்கும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம், தரவிறக்கி அச்செடுத்தும் கொள்ளலாம். அரசுப் பள்ளியில் யாராவது வேலை பார்த்தால் வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்களைக் கேட்டுப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் ஒரு நாள் உட்காருங்கள். எந்தப் பக்கத்தில் பையன் நின்று பார்க்கிறான் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கடலோரக்காற்று

நான் கேட்ட மாதிரி அக்கா எந்தப் புத்தகத்திலும் கிடைக்காவிட்டால்?

பால்வாடி டீச்சர்

நீங்களே செய்யுங்கள் சார். ஏ4 தாளை நடுவில் மடித்து, முதுகில் நூலால் தைத்துவிட்டால் போதும். ஸ்டேப்ளர் வேண்டாம், முனை விரலைக் கிழிக்கும். உங்கள் அபார்ட்மென்ட் பிள்ளைகளையே படம் எடுத்து ஒட்டுங்கள். ஒரே பந்து, மூன்று பிள்ளைகள். முதல் பக்கத்தில் ஒருத்தி பிடித்திருக்கிறாள், அடுத்ததில் இன்னொருவன் கேட்கிறான், அதற்கடுத்த பக்கத்தை வெற்றாக விடுங்கள். அங்கே என்ன நடந்தது என்று மகளே வரையட்டும். அவள் தரமாட்டேன் என்று வரைந்தாலும் ஒட்டுங்கள்.

கடலோரக்காற்று

காலாண்டு விடுமுறையில் செய்கிறோம் டீச்சர். மாடி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள். பந்தா, சைக்கிளா என்று மகளே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இரட்டைவால்

அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள் சார். சாப்பிட்ட கையோடுதான் எடுப்பார்கள்.